பட்டையைப் பிடித்த கைகள்

அவளுக்கு முதலில் கை வரும், பிறகுதான் வாய் வரும். கொச்சியில் கூவப்பாடத்துப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த அன்றைக்கே அதைப் பார்த்துவிட்டேன். குடித்துவிட்டுக் கண்ணாடி அலமாரியில் கையை விட்டுக் கிழித்துக்கொண்ட ஒருவனை நாலு பேர் தூக்கி வந்திருந்தார்கள். தையல் போட விடமாட்டேன் என்று காலை உதைத்தான், மருந்துத் தட்டைத் தட்டிவிட்டான், டாக்டரின் தாயை இழுத்து ஏதோ சொன்னான். உள்ளேயிருந்து அவள் வந்தாள். பளாரென்று ஒன்று. அவன் தலை சுவரில் இடித்துத் திரும்பி வந்தது. ஆள் அப்படியே அடங்கிப் படுத்துக்கொண்டான். அடித்த அதே கையால் ஊசியை எடுத்து, அவன் முனகக்கூடச் செய்யாதபடி, அவ்வளவு பதமாகத் தையல் போட்டாள்.

“எடி, நீ என்னத்துக்கு இப்படி முழிக்கறே? போய் வெந்நீர் கொண்டா,” என்றாள் என்னைப் பார்த்து. எங்கள் அறிமுகம் அவ்வளவுதான்.

மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. என்னைவிடச் சில வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் மனசுக்குள் எப்போதும் அவள் ‘அவள்’தான். என் குடும்பத்தைப் போலவே அவள் குடும்பமும் மிளகு வியாபாரத்தை நம்பித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, திரும்பிப் போக மறந்துவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். நோயாளிகளுக்கு அவள் ‘சிஸ்டர்’. முதுகுக்குப் பின்னால் ‘அடிக்காரி’.

பெரிய உருவம் ஒன்றும் இல்லை. ஒல்லி, கறுப்பு, கொஞ்சம் கூன் போட்ட நடை. மணிக்கட்டு மட்டும் ஆம்பிளை மணிக்கட்டு. அவள் பிறந்த வீட்டில் அடி என்பது சோறு மாதிரி, நேரத்துக்கு வரும். அப்பன் பெல்ட்டால் அடித்து வளர்த்தான். அப்பன் செத்த பிறகு அந்த வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். திருப்பூணித்துறையில் கட்டிக்கொடுத்தார்கள், ஒரு மழைக்காலம்கூட அங்கே முழுசாக இருக்கவில்லை. புருஷன் காய்ச்சின கரண்டியால் சூடு இழுத்தான் என்றார்கள். இவள் அவனுடைய முன்பல்லை உடைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கே வந்தாள் என்றார்கள். ஒருநாள் சாயா குடிக்கும்போது நானே கேட்டுவிட்டேன்.

“அவன் அடிச்சான். நான் திருப்பி அடிச்சேன். ஆரு ஜாஸ்தி அடிச்சதுன்னு அவனும் எண்ணல்ல, நானும் எண்ணல்ல,” என்றாள். “ஆனா ஒண்ணுடி. அவன் அடிச்சத ஒருத்தனும் பேசல்ல. நான் அடிச்சது மட்டும் எறணாகுளம் வரைக்கும் போச்சு.”

அவளை நியாயப்படுத்த நான் இதை எழுதவில்லை. எனக்கே அவளிடம் பயம் இருந்தது. அது பிரசவ அறையில் வந்த பயம். வலியில் கத்துகிற பெண்களைத் தொடையில் அடிப்பாள், கன்னத்தில் அடிப்பாள். “கத்தாதே, முக்கு!” என்று ஒரு அதட்டல், கூடவே ஒரு அறை. அந்தக் காலத்தில் எல்லா நர்ஸும் செய்ததுதானே என்று சொல்லிவிடலாம். இல்லை, அவள் அடித்த மாதிரி யாரும் அடித்ததில்லை. வைப்பினிலிருந்து வந்த ஒரு மீன்காரப் பெண்ணுக்கு முதல் பிரசவம். அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து, குழந்தை வெளியே வரும்போதும் அந்தச் சிவப்பு போகவில்லை. நான் அந்தக் குழந்தையைத் துடைத்துக்கொண்டே, இவளோடு ஒரே அறையில் வேலை செய்வது இன்றோடு சரி என்று முடிவு பண்ணினேன். மறுநாள் காலை வழக்கம்போல் வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அதே பெண் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இவள் வராந்தாவில் நின்றவள், குழந்தையைக் கொஞ்சுவதற்காக ரெண்டடி கிட்டே போனாள். அவ்வளவுதான். அந்தப் பெண் குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் தன் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டாள். இவள் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

“பாத்தியாடி? மூஞ்சியப் பொத்தறா,” என்றாள் என்னிடம் வந்து. அன்று முழுக்க அவள் எதுவும் சாப்பிடவில்லை. யாரையும் அடிக்கவும் இல்லை.

இது எமர்ஜென்சி முடிந்த சமயம். எறணாகுளத்திலிருந்து ஒரு கண் டாக்டர் வாரம் ஒருமுறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். பாலக்காட்டு ஐயர், மெதுவான பேச்சு. அவர் வருஷா வருஷம் நேபாளத்து மலைக்கிராமங்களுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிற ஒரு குழுவில் இருந்தார். அந்த வருஷம் கூட வர இரண்டு நர்ஸ் வேண்டும் என்றார். சம்பளம் கிடையாது. ரயிலும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. பாஸ்போர்ட் வேண்டாத வெளிநாடு. ஆனால் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாள்கணக்கில் மலை ஏறி நடக்க வேண்டும். சுமையாள் வைத்துக்கொள்ள வழியில்லை, அவரவர் துணிமணியும் மருந்தில் ஒரு பங்கும் அவரவர் முதுகில். இதையெல்லாம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். வருஷக்கணக்காக இருட்டில் கிடந்தவர்கள், கட்டு அவிழ்ந்ததும் முதலில் பார்ப்பது கட்டை அவிழ்க்கிற நர்ஸின் முகத்தைத்தான் என்றார்.

அன்று சாயங்காலமே அவள் பேர் கொடுத்துவிட்டாள். என் பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

“எனக்கு எதுக்கக்கா நேபாளம்?”

“எனக்குத் துணைக்கு. அவங்க யாரும் என்னை முன்னே பின்னே பாத்ததில்லையேடி. கண்ணத் திறந்து, என் மூஞ்சியப் பாத்து, ஒருத்தியாவது சிரிக்கணும். ஒருத்தி போதும் எனக்கு.”

இதைச் சொல்லும்போது அவள் குரல் பிசிறியது. அவள் குரல் பிசிறி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிடவில்லை. என்னையும் வைத்துக்கொண்டே பேசினார்.

“சிஸ்டர், உங்க கைவேலை நன்னா இருக்குன்னு எல்லாரும் சொல்றா. அந்தக் கை வேற என்ன பண்ணும்னும் சொல்றா. கண் தெரியாதவா மேல கை ஓங்கினா அவாளால ஓடக்கூட முடியாது. ரயில் ஏறற வரைக்கும் உங்க மேல ஒரு கம்ப்ளெய்ன்ட் வரப்படாது. வந்தா உங்களை அழைச்சுண்டு போக மாட்டேன்.”

“வராது சார்,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பூனை மீன்காரியிடம் சத்தியம் செய்கிற மாதிரி இருந்தது.

இன்றைக்கு முதுகில் மாட்டுகிற பை கடைக்குக் கடை தொங்குகிறது. அன்று கொச்சியில் அதை வெள்ளைக்கார ஹிப்பிகளின் முதுகில்தான் பார்த்திருக்கிறோம். பயணத்துக்கான பையைக் குழுவே தரும், நடந்து பழகுவது எங்கள் பாடு. அவள் பழைய சாக்குக் கடையில் இரண்டு கெட்டிச் சாக்கு வாங்கினாள். வெலிங்டன் தீவுக்குப் போய், துறைமுகத்தில் கழித்துப்போட்ட கித்தான் பட்டைகளைப் பொறுக்கி வந்தாள். காயத்துக்குத் தையல் போடுகிற அதே முடிச்சுப் போட்டு, ஆளுக்கொரு மூட்டை தைத்தாள். கோட்டைக் கடற்கரையிலிருந்து மணலை அள்ளி நிரப்பினோம். முதல் நாள் அதைத் தூக்கி மாட்டியதும் நான் மல்லாக்க விழுந்தேன். சிரிக்கவில்லை அவள், காலால் என் இடுப்பில் ஒரு உதை விட்டு, “எழுந்திரு” என்றாள். கை தூக்கக்கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார், காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

கொச்சியில் மலை இல்லை. கடலும் காயலும் தெருவும் எல்லாம் ஒரே மட்டம். ஏற்றம் என்று சொல்ல தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றம் ஒன்றுதான் உண்டு, அதுதான் எங்கள் இமயமலை. டூட்டிக்கு முன்னால் விடிந்ததும் கிளம்பி, பாலஸ் ரோடு வழியாக நடந்து, பாலத்தில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கித் திரும்புவோம். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டி வேடிக்கை பார்ப்பார்கள். சைக்கிளில் போகிறவன் எவனாவது ஏதாவது சொல்வான். அப்போதெல்லாம் அவள் தோளிலிருந்து இறங்குகிற இரண்டு பட்டைகளையும் நெஞ்சுக்கு நேரே இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். விரல்மூட்டு வெளுத்துவிடும்.

“இப்படிப் பிடிச்சுக்கிட்டா கை வேற எங்கேயும் போகாதுடி,” என்றாள்.

அது பழகிப்போய், ஆஸ்பத்திரியில் மூட்டை இல்லாதபோதும் கோபம் வந்தால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுபோய், இல்லாத பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிரசவ அறையில் ஒருத்தி அலறுவாள், இவள் முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, “முக்கு மோளே, முக்கு,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். பார்க்கவே பயங்கரமாக இருக்கும். ஆனால் அடி விழவில்லை.

எறணாகுளம் போகிற படகில் ஒருநாள் நல்ல கூட்டம். மூட்டையோடு நின்றவளின் மேல் பின்னாலிருந்து ஒருவன் வேண்டுமென்றே சாய்ந்துகொண்டிருந்தான். அவள் பட்டையைப் பிடித்தாள். பிடித்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனாள். அவனுக்குப் பின்னால் இரும்புக் கம்பி, முன்னால் ஒரு மூட்டை மணல். அவன் ஐயோ அம்மா என்று அலறிய அலறலில் படகோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டான். “நான் கையத் தூக்கினேனா? நீ சாட்சி,” என்றாள் என்னிடம். நான் சாட்சி. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. அடிக்காரி அடிப்பதில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் கண்டுபிடித்தவன் அண்ணன். பொம்பளை எல்லை தாண்டிப் போவதாவது என்று மூட்டையை உதைத்தான், அவள் தடுக்கப் போனபோது கன்னத்தில் ஒன்று வைத்தான். வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் பின்னால் தாவினானாம், திருப்பி விழும் என்று. விழவில்லை. அவள் நெஞ்சில் முஷ்டியை வைத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் அவன் தாவவில்லை. அதற்கப்புறம் ஏதாவது சாக்கு வைத்துத் தினமும் அடித்தான். காலையில் பாலத்துக்கு வரும்போது உதடு வீங்கியிருக்கும், இல்லாவிட்டால் காதோரம் ரத்தம் காய்ந்திருக்கும். ஆஸ்பத்திரியிலும் ஆட்களுக்குக் குளிர்விட்டுப்போயிற்று. முன்பு அவளிடம் அறை வாங்கிய அந்தக் குடிகாரன் வேண்டுமென்றே வந்து, வராந்தாவில் அவள் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “அண்ணனுக்கு ஒண்ணே ஒண்ணு கொடு அக்கா. டாக்டருக்கு எப்படித் தெரியப்போகுது?”

“ஒண்ணு கொடுத்தா அது ஒண்ணோட நிக்காதுடி. எனக்குத் தெரியாதா என் கைய?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் எங்கள் இருவரையும் சுமையோடு நடக்கவைத்துப் பார்ப்பதாக இருந்தது. அதில் தேறிவிட்டால் அடுத்த வாரம் ரயில். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, இரவெல்லாம் பெய்த மழையில் பாலஸ் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். பஜார் ரோடு வழியாகச் சுற்றிப் போகலாம் என்றாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில் சுமை என்பது யூனியனுக்குச் சொந்தம். பஜார் ரோட்டில் எவருடைய சாக்கானாலும் அது யூனியன்காரன் தலையில்தான் ஏற வேண்டும். சாக்குக்குச் சொந்தக்காரனே ஆனாலும் தொடக்கூடாது. அவர்களுடைய அப்பன்மார் அடிபட்டு உதைபட்டு வாங்கிய உரிமை அது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சமயம் ஒரு மிளகுக் கம்பெனி அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, வெளியாட்களை வைத்துத் திருட்டுத்தனமாகச் சரக்கை நகர்த்திக்கொண்டிருந்தது. குடோன் வாசலில் சுமைக்காரர்கள் இரவும் பகலும் காவல் இருந்தார்கள், பசியும் கோபமுமாக. அவர்களுக்கு முன்னால் போய் நின்றது எங்கள் சாக்கு. அவளுடைய சாக்கின் மேல் அந்தக் கம்பெனியின் சிவப்பு முத்திரை இருந்தது. பழைய சாக்குக் கடையில் முத்திரையை யார் பார்த்து வாங்குகிறார்கள்?

“நில்லவிடெ!”

அவர்களுடைய மூப்பன்தான் முதலில் எழுந்து வந்தான். நரைத்த மீசை, தலையில் தோர்த்துத் துண்டு, தோளில் சாக்கு இழுக்கிற இரும்புக் கொக்கி. பின்னால் ஏழெட்டுப் பேர்.

“சாக்கு எறக்கு.”

அவள் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். “இது சரக்கில்ல சேட்டா. மணல். ஞங்ஙள் நடந்து பழகறோம்.”

அவர்கள் சிரித்தார்கள். விடிகாலையில் ஒரு பெண் மணலைச் சுமந்து நடந்து பழகுகிறாள் என்றால் நானும்தான் சிரித்திருப்பேன்.

“முளகு கடத்தான் பெண்ணுங்களெ எறக்கியோ கம்பெனிக்காரன்?” என்றான் மூப்பன். “எறக்கடீ!”

ஒருவன் மூட்டையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. விட்டிருந்தால் முடிந்திருக்கும். மணல் கொட்டியிருக்கும், அவர்கள் வழிவிட்டிருப்பார்கள். ஆனால் பட்டையை விட்டால் கை சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அவள் விடவே இல்லை என்பதைப் பார்த்து, உள்ளே இருப்பது மிளகுதான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

முதல் குத்து வாயில் விழுந்தது. ரத்தத்தோடு ஏதோ துப்பினாள். பின்னாலிருந்து ஒருவன் முழங்காலில் உதைத்தான், மண்டி போட்டு விழுந்தாள். முதுகில் மிதித்தார்கள். “கரிங்காலீ” என்று கத்திக்கொண்டே மிதித்தார்கள், தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறவளாம் அவள். நான் குடையால் ஒருவன் தலையில் ஓங்கி அடித்தேன். குடைக்கம்பி வளைந்ததுதான் மிச்சம், அவன் என்னை ஒரு கையால் தள்ளிச் சாக்கடையில் விழவைத்தான். “அடி அக்கா! அடி! கையை எடு!” என்று சாக்கடையிலிருந்தே கத்தினேன். நினைத்தால் அந்த மூப்பன் மூக்கை உடைத்திருப்பாள். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு முஷ்டியும் நெஞ்சுக்கு நேரே, அடியை வாங்கிக்கொண்டிருந்தாள்.

மூப்பன் கொக்கியை வீசினான். சாக்கைக் கிழித்து இழுக்கத்தான் வீசினான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அவள் குனிந்த குனிவில் அது வலது தோளில் பட்டைக்கு அடியில் இறங்கியது. அவன் தெரியாமல் இழுத்தான். கோடித் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவள் கத்தவில்லை, நான்தான் கத்தினேன். கொக்கி தோளோடு சேர்த்துச் சாக்கையும் கிழித்துக்கொண்டு வந்தது, கிழிசல் வழியாக மணல் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளைப் புடவை சிவந்துகொண்டே வந்தது.

எல்லாக் கையும் நின்றுவிட்டது. மூப்பன் குனிந்து ஒரு பிடி மணலை எடுத்துப் பார்த்தான்.

“மணலாணல்லோ,” என்றான். “தெய்வமே, மணலா.”

சாக்கு காலியாகித் தொங்கியது. அப்போதும் அவள் இரண்டு கையும் பட்டையில்தான் இருந்தது. விரல் விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன். அடித்தவர்களே அவளைத் தூக்கிச் சரக்கு வண்டியில் படுக்கவைத்து, தோர்த்துகளை எல்லாம் அவிழ்த்துத் தோளில் அமுக்கி, கூவப்பாடம் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

“கை ஓங்கல்லடி,” என்றாள் வாயெல்லாம் ரத்தத்தோடு. “நீ பாத்தேல்ல? டாக்டர்ட்டச் சொல்லு.”

போலீஸில் எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். கம்ப்ளெய்ன்ட் என்ற வார்த்தையே டாக்டர் காதில் விழக்கூடாதாம். அன்று மாலை மூப்பன் வந்தான். கட்டிலருகில் நிற்கத் தெரியாமல் நின்றான்.

“பெங்ஙளே, அறியாதெ பற்றிப்போயதா. என்னெ ஒண்ணு தல்லிக்கோ. எத்ர வேணமெங்கிலும் தல்லிக்கோ,” என்று கன்னத்தை நீட்டினான். தெரியாமல் நடந்துவிட்டது தங்கச்சி, எவ்வளவு வேண்டுமோ அடித்துக்கொள் என்று கெஞ்சினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

“வேண்டாம். போ,” என்றாள். “ஞாயித்துக்கிழம டாக்டர் வரார்.”

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். கட்டிலில் அவள் தலை சீவிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள், வீங்கிய முகத்தோடு. அவர் தோளைப் பார்த்தார், எங்கள் டாக்டர் எழுதியதைப் பார்த்தார்.

“இத்தனை பேர் அடிச்சும் நீங்க கை தூக்கலையாமே சிஸ்டர். ஊரே சொல்றது. இந்தப் பொறுமைதான் எனக்கு வேணும்.”

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வீக்கத்தையும் மீறி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மலர்ந்தது.

“ஆனா இந்தத் தோள் இனிமே சுமை தூக்காது. நரம்பு அறுந்துபோயிருக்கு. இந்த வருஷம்னு இல்லை, இனிமே மலை ஏத்தம் வேண்டாம்.”

“இடது தோள் இருக்கே சார்?”

“மூட்டைக்கு ரெண்டு தோளும் வேணுமேம்மா.”

“நடக்கறது காலுதானே? என் சுமைய இவ எடுப்பா.” என்னைக் காட்டினாள்.

“அங்கே அவாவா சுமைக்கே அவாவாளுக்கு மூச்சு வாங்கும்,” என்றார். வெளியே வந்ததும் என்னிடம், நீ தயாராக இரு என்றார். அந்த மனுஷனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது எனக்கு. அவர் சொன்னது அத்தனையும் நியாயம். நியாயமாக இருந்ததால்தான் அவ்வளவு ஆத்திரம்.

நான் போனேன். போகாவிட்டால் அவள் என்னைக் கொன்றிருப்பாள். மலை ஏறினேன், கட்டுகளை அவிழ்த்தேன், கண் திறந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையெல்லாம் வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது. அவளை நினைக்கும்போது எனக்கு அந்த மலைகள் நினைவுக்கு வருவதில்லை. டாக்டர் போன அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வருகிறது.

மதியம் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெயில் இறங்கும்போது எழுந்து உட்கார்ந்தாள்.

“எடி, அந்த மூப்பனக் கூப்பிடு.”

ஆள் அனுப்பினேன். அவன் குடோன் வாசலில் காவலிருந்த உடம்போடு வந்தான், தெருத் தூசி படிந்த முகம். அவள் அவன் கன்னத்தையே பார்த்தாள். அவனுக்குப் புரிந்தது. தலையிலிருந்த தோர்த்தை அவிழ்த்துவிட்டு, கட்டிலோரம் முட்டி போட்டு முகத்தை நிமிர்த்தினான்.

வலது கை கட்டுப் போட்டுத் தொங்கியது. இடது கையால் அடித்தாள். முதல் அறையிலேயே அவன் முகம் திரும்பிப்போயிற்று, திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். மறுபடி அடித்தாள். அண்ணனுக்குக் கொடுக்காதது, படகில் கொடுக்காதது, வராந்தாவில் கொடுக்காதது எல்லாவற்றையும் அந்த முகத்தில் கொடுத்தாள். உதடு கிழிந்து மீசையில் ரத்தம் இறங்கியது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். வார்டில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள், யாரும் தடுக்க வரவில்லை. நானும் தடுக்கவில்லை. அவள் அழுதுகொண்டே அடித்தாள். மூச்சு வாங்கி, தோளில் போட்ட கட்டு வழியாக ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினாள்.

“மதியோ பெங்ஙளே?” என்று கேட்டான் அவன். போதுமா என்று.

“மதியாவல்ல,” என்றாள். “நாளைக்கும் வா.”

மறுநாளும் வந்து, தோர்த்தை அவிழ்த்துவிட்டு, கட்டிலோரம் முட்டி போட்டான்.